தோசைக்கல்லும் மின்சாரமும்



தோசைக்கல் வாங்குவது நம் பாட்டிமார்க்கு ஒரு சிறு தேர்வாகவே இருந்தது. சந்தையில் இரும்புச் சாமான் பரப்பியிருக்கும் இடத்தில் உட்கார்ந்து, கல்லைக் கையில் தூக்கி எடை பார்ப்பார்கள். விரல் முட்டியால் தட்டி ஓசை கேட்பார்கள். தரைமீது வைத்து ஆடுகிறதா என்று நோக்குவார்கள். எடை குறைந்தால் சூடு நிலைக்காது. ஓசை கெட்டிருந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. ஆடினால் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடிவிடும். பள்ளிக்கூடம் போகாதவர்கள் செய்த அறிவியல் சோதனைகள் இவை.

இன்று கடைக்குப் போனால் மின்சாரத் தோசைக்கல் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. தட்டிப் பார்க்க வழியில்லை. பெட்டியின்மேல் பொன்னிறத் தோசையின் படம் ஒன்றும், சிறு எழுத்தில் சில எண்களும் காணப்படும். படத்தைப் பார்த்து வாங்குகிறவர் பலர். எண்களைப் படித்து வாங்குகிறவர் சிலர். அந்த எண்களைப் படிப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. உங்கள் பத்தாம் வகுப்பு இயற்பியல் பாடமே போதும். அதை அடுப்பங்கரைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பொதுப்படையாகப் பேசுவதைவிட ஓர் ஊரை முன்னிறுத்திப் பேசினால் பொருள் விளங்கும். தருமபுரி மாவட்டத்தில், தென்பெண்ணை பாயும் பகுதியில், கம்பைநல்லூர் என்றொரு பேரூர் இருக்கிறது. அங்கே நடுத்தரக் குடும்பம் ஒன்று சமையலுக்கு ஒரு மின்கருவி வாங்க எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஐந்து பேர். அரிசிச் சோறு உண்டு. கேழ்வரகுக் களியும் உண்டு. காலையில் தோசை; சில நாள் கேழ்வரகு அடை. இந்த மாவட்டத்துக்குக் கேழ்வரகு எவ்வளவு உரியது என்பதற்கு ஒரு செய்தி சொன்னால் போதும். 2023-ஆம் ஆண்டு நியாயவிலைக் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியபோது, அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு மாவட்டங்கள் நீலகிரியும் தருமபுரியுமே ஆகும்.

தமிழ்நாட்டு வீட்டுக்குள் மின்சாரம் படிப்படியாகத்தான் நுழைந்தது. 1932-இல் பைக்காராவிலும், 1937-இல் மேட்டூரிலும் நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் பகுதி. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள்தான் தனி மாவட்டமாயிற்று. முதலில் வீட்டுக்கு வந்தது விளக்கு. பிறகு விசிறி. அதன் பின்னர் அரைக்கும் கருவிகள். 1955-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். 1960-களில் பம்பாயில் சத்திய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் நம் நாட்டுச் சமையலுக்கு ஏற்ற மிக்சியைச் செய்தார். வெளிநாட்டு மிக்சி ஒன்று பழுதாகிப்போக, அவருடைய மனைவி மாதுரி கேட்டுக்கொண்டதே அதற்குத் தூண்டுதல். 2011-இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையில்லாமல் வழங்கத் தொடங்கிய பின்னர், சிற்றூர்களிலும் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் ஓய்வு கிடைத்தது.

இவை யாவும் சுழலும் கருவிகள். இப்போது வருபவை சூடாக்கும் கருவிகள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் உணர வேண்டும். அறுநூறு வாட் மிக்சி ஐந்து நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்குதான் செலவாகும். ஆயிரத்து ஐந்நூறு வாட் தோசைக்கல் நாற்பது நிமிடம் இடைவிடாமல் காய்ந்தால் ஒரு முழு யூனிட் போய்விடும். சூடு என்பது மின்சாரத்தை மிகுதியாக உண்ணும் விருந்தாளி. அவரை வீட்டுக்கு அழைக்குமுன் பந்தியில் இடம் உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இனி, கருவியின் உள்ளே என்ன இருக்கிறது? கம்பி ஒன்றில் மின்னோட்டம் செல்லும்போது வெப்பம் பிறக்கும் என்பதையும், மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதையும் ஜூல் விதியாகப் படித்திருப்பீர்கள். ஆனால் செந்தழலாகக் காய்ந்தும் உருகாத, துருப்பிடித்து உதிராத கம்பி நெடுங்காலம் கிடைக்கவில்லை. 1906-இல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் என்னும் உலோகக் கலவைக்கு உரிமம் பெற்றார். இன்று நம் இஸ்திரிப் பெட்டியிலும், தோசைக்கல்லிலும், ரொட்டி வாட்டியிலும் உள்ள கம்பி பெரும்பாலும் அதுவே. அதன் கூடவே ஒரு சிறு காவலரும் இருக்கிறார். அவர் பெயர் தெர்மோஸ்டாட். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டி வைத்தால், சூடு ஏறும்போது அவை வளையும். வளைந்ததும் மின்தொடர்பு விடுபடும். ஆறியதும் மீண்டும் சேரும். நாம் திருகும் குமிழ் எந்தச் சூட்டில் தொடர்பு விடவேண்டும் என்பதை அவருக்குச் சொல்கிறது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு கடைக்குப் போவோம். கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து.

முதற்கேள்வி: எத்தனை வாட்? ஒரு தோசைக்கு நூறு கிராம் மாவு ஊற்றுகிறோம். அதில் நாற்பது கிராம் நீர் ஆவியாகிப் போகிறது என்று கொள்வோம். ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 540 கலோரி வேண்டும். மாவைச் சூடேற்றுவதற்கான வெப்பத்தையும் சேர்த்தால், ஒரு தோசைக்கு ஏறக்குறைய 27 கிலோ கலோரி ஆகிறது. ஆயிரத்து ஐந்நூறு வாட் கருவி இந்த வெப்பத்தைத் தர 75 விநாடி பிடிக்கும். ஆயிரம் வாட் கருவிக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகும். வெளியே வீணாகும் சூட்டையும் எண்ணினால் நேரம் இன்னும் கூடும். ஐந்து பேர் பள்ளிக்கும் வேலைக்கும் புறப்படும் வீட்டில், ஆளுக்கு மூன்று தோசை என்றால் பதினைந்து தோசை. எண்ணூறு வாட் சிறு கருவியை வாங்கி வந்து, மூன்றாவது தோசைக்கே கல் ஆறிவிட்டதே என்று வருந்துவதில் பயனில்லை. குறை கருவியினுடையதன்று, அதற்குரிய வேலையைவிட அதிகம் கேட்டுவிட்டோம். ஒருவர் இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு அதே எண்ணூறு வாட் கருவி போதுமானதாகவே இருக்கும்.

இரண்டாம் கேள்வி: நம் வீட்டு மின்சாரம் அதைத் தாங்குமா? நம் நாட்டு வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். சாதாரணச் சிறு சாக்கெட் 6 ஆம்பியருக்கு உரியது. இரண்டையும் பெருக்கினால் 1,380 வாட். ஆகவே ஆயிரத்து ஐந்நூறு வாட் கருவியைச் சிறு சாக்கெட்டில் மாட்டலாகாது. அதற்கு 16 ஆம்பியர் பெரிய சாக்கெட் வேண்டும். விசிறிக்கும் கைப்பேசிக்கும் பயன்படும் மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் மாட்டுவது அதனினும் தீது. கம்பி சூடாகும், மேலுறை இளகும், ஒருநாள் புகையும். பழைய வீடுகளில் சமையலறைக்குப் பெரிய சாக்கெட் இல்லாமலே இருப்பதுண்டு. அங்கே கருவியின் விலையோடு, மின்பணியாளரைக் கொண்டு தனிக் கம்பி இழுக்கும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மின்னழுத்தம் குறையும் ஊர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எல்லா வீடுகளிலும் கருவிகள் ஓடும் நேரத்தில் 230 வோல்ட் 190 ஆக இறங்கிவிடுகிறது என்று கொள்வோம். மின்னழுத்தம் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது. ஆனால் சூடு அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஆயிரத்து ஐந்நூறு வாட் கருவி ஆயிரத்து முப்பது வாட் கூடத் தராது. நகரத்துக் கடையில் நன்றாகக் காய்ந்த கல், கம்பைநல்லூரில் மாலை வேளையில் மந்தமாக இருந்தால், காரணம் இதுவாக இருக்கலாம். கருவியை மாற்றித் தரும்படி கேட்குமுன் மின்னழுத்தத்தை அளந்து பார்ப்பது அறிவுடைமை.

மூன்றாம் கேள்வி: மேற்பரப்பு எதனால் ஆனது? மின்சாரத் தோசைக்கற்களில் பெரும்பாலானவை அலுமினியத் தகட்டின்மேல் ஒட்டாத பூச்சுப் பூசப்பட்டவை. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரைவாக வெப்பத்தைப் பரப்பும். ஆகவே நடுவிலும் ஓரத்திலும் தோசை ஒத்து வேகும். வார்ப்பிரும்போ சூட்டை மெல்ல வாங்கி, வாங்கியதை நிலையாக வைத்துக்கொள்ளும். குளிர்ந்த மாவு விழுந்தாலும் அது எளிதில் தளர்வதில்லை. முறுகலான தோசைக்கும் தடித்த கேழ்வரகு அடைக்கும் அந்தக் குணம் உதவுகிறது. தகடு கையில் கனமாக இருக்கும் கருவியையே விரும்புங்கள். பாட்டியின் எடைச் சோதனை இன்றும் செல்லும்.

ஒட்டாத பூச்சு, 1938-இல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலார் தற்செயலாகக் கண்ட ஒரு பொருளிலிருந்து பிறந்தது. 260 செல்சியஸ் பாகைக்குக் கீழே அது நிலையானது. வெறும் கல்லை அடுப்பில் மறந்துவிட்டுச் சூடு 350 பாகையைக் கடந்தால், அது சிதைந்து தீய ஆவியை வெளிவிடும். கூண்டுப் பறவைகள் அந்த ஆவியால் மடிவதுண்டு. தெர்மோஸ்டாட் உள்ள மின்கருவி அவ்வளவு சூடேற விடுவதில்லை. இது அதன் நல்ல பக்கம். ஆனால் இரும்புத் தோசைத்திருப்பி அந்தப் பூச்சுக்குப் பகை. மரத்திருப்பியே வேண்டும். சூடு மிகுந்துவிட்டது என்று கை நிறைய நீரை அள்ளித் தெளிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். நீர் ஓடி மின்னிணைப்புக்குள் புகக்கூடும். சூட்டை அறிய ஒரு துளி போதும். துளி சீறி உடனே மறைந்தால் கல் பக்குவமாக உள்ளது. முத்துப்போல் உருண்டு ஓடினால் சூடு அதிகம். தன் ஆவியின்மேல் தானே மிதந்து துளி ஓடுவதை 1756-இல் லைடன்பிராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்தார்; நம் வீட்டுப் பெண்கள் அதை நாள்தோறும் கண்டு வந்தார்கள்.

நான்காம் கேள்வி: உயிருக்குக் காப்பு உண்டா? பிளக்கில் மூன்று முனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மேலே தடித்து நீண்டிருப்பது எர்த் முனை. மற்ற இரண்டும் தொடும் முன்னர் அது தொட வேண்டும் என்பதற்காகவே நீளமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே கம்பி அறுந்து உலோகத் தகட்டைத் தொட்டால், மின்சாரம் மனிதர் உடல் வழியாகச் செல்லாமல் நிலத்துக்குள் போக வழி செய்வது அதுதான். வெறுங்காலோடு, ஈரத் தரையில், ஈரக் கையோடு நின்று சமைப்பது நம் வழக்கம். அப்படிப்பட்ட அடுப்பங்கரையில் எர்த் இல்லாத சாக்கெட்டில் உலோகக் கருவியை மாட்டுவது, உயிரைப் பணயம் வைப்பதாகும். மின்கசிவு முப்பது மில்லி ஆம்பியரை எட்டினாலே தொடர்பைத் துண்டிக்கும் காப்புக் கருவியையும் வீட்டில் பொருத்திக்கொண்டால் நலம். அடுத்து, கருவியின்மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். முத்திரை மட்டும் போதாது. அதன் அருகே தரநிலை எண்ணும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண் உண்மையானதா என்பதை இந்தியத் தர அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் நீங்களே சரிபார்க்கலாம். வீட்டில் பெரியவர்களுக்கு இதில் பழக்கம் இராது. மாணவர்களாகிய உங்களால் ஒரு நிமிடத்தில் முடியும்.

ஐந்தாம் கேள்வி: எவ்வளவு செலவாகும்? ஆயிரத்து ஐந்நூறு வாட் கல்லைக் காலையில் 45 நிமிடம் வைத்திருக்கிறோம். தெர்மோஸ்டாட் அவ்வப்போது அணைப்பதால், அதில் 30 நிமிடமே மின்சாரம் ஓடுகிறது என்று கொண்டால், நாளுக்கு முக்கால் யூனிட். அறுபது நாளுக்கு 45 யூனிட். 2016-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் கட்டணமில்லை என்று அறிவிக்கப்பட்டது. அந்த நூறில் ஏறக்குறைய பாதியைத் தோசைக்கல் ஒன்றே விழுங்கிவிடும் என்பதை இந்தக் கணக்குக் காட்டுகிறது. எரிவாயுவோடு ஒப்பிடவும் ஒரு வழி சொல்கிறேன். 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள வெப்பம் ஏறக்குறைய 1,56,000 கிலோ கலோரி. அதில் நூற்றுக்கு 65 பங்கு பாத்திரத்தைச் சேர்கிறது எனக் கொள்வோம். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி; மின்கல்லில் நூற்றுக்கு 75 பங்கு பயன்படுகிறது எனக் கொள்வோம். வகுத்துப் பார்த்தால் ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 157 யூனிட்டுக்கு ஈடாகிறது. உங்கள் வீட்டில் கடைசி யூனிட்டுக்கு என்ன விலை கொடுக்கிறீர்களோ அதை 157-ஆல் பெருக்கி, சிலிண்டரின் விலையோடு ஒப்பிடுங்கள். விலைகள் மாறலாம், இந்த 157 எளிதில் மாறாது.

தோசைக்கல் தவிர வேறு கருவிகளும் கடையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இன்டக்ஷன் அடுப்பில் சூடு நேரே பாத்திரத்தின் அடியிலேயே பிறக்கிறது. ஆகவே வீணாவது குறைவு. ஆனால் காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள பாத்திரமே அதற்கு ஆகும். வீட்டிலுள்ள அலுமினியச் சட்டிகள் பயன்படா. ஒரு காந்தத் துண்டைக் கொண்டு வீட்டுப் பாத்திரங்களை முன்னரே சோதித்துவிடலாம். அதன் மின்சுருள் ஒரு சாண் அகலத்துக்குள் அடங்குவதால், அகன்ற கல்லை வைத்தால் நடு கருகி ஓரம் வேகாமல் நிற்பதுண்டு.

களியோ முற்றிலும் வேறு வகை. கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் முழுப் பலத்தோடு கிளற வேண்டும். வழுவழுப்பான கண்ணாடிமேல் அமர்ந்திருக்கும் பாத்திரம் அந்தப் பலத்துக்கு நில்லாது. நழுவிக் கவிழ்ந்தால் கொதிக்கும் களி கால்மேல் விழும். ஆகவே கம்பைநல்லூர் வீடு இன்டக்ஷன் அடுப்பை வாங்கினாலும், களி கிண்டுவதற்கு உறுதியான பழைய அடுப்பை விட்டுவிடக் கூடாது. பெருநகரத்துக்கு எழுதப்பட்ட அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இது ஒரு சான்று.

சோறாக்கும் மின்கலம் எளிய அறிவுடைய கருவி. நீர் உள்ளவரை சூடு நூறு பாகையைத் தாண்டாது. அரிசி நீரை உறிஞ்சி முடித்ததும் சூடு ஏறும். ஏறியதும் கருவி தானே அணைந்துவிடும். எழுநூறு வாட் அளவே போதுமாகையால், சிறு வீடுகளுக்கும் வெளியூரில் அறை எடுத்துப் படிக்கும் மாணவர்களுக்கும் ஏற்றது. விடுதியில் தங்குவோர் மட்டும், விதி இடம் தருகிறதா என்று கேட்டுக்கொண்டே இத்தகைய கருவியைக் கொண்டுசெல்ல வேண்டும். ஓர் அறையின் கம்பி எரிந்தால் நூறு பேர் உறங்கும் கட்டடமே ஆபத்துக்கு உள்ளாகும். காற்றுப் பொரிப்பான், ரொட்டி வாட்டி முதலியவற்றைப் பற்றி ஒன்றே சொல்வேன். வாரத்தில் எத்தனை நாள் அதை எடுப்போம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒருநாள் கூட எழுத வரவில்லையானால், அந்தக் கருவிக்குப் பரண்தான் இருப்பிடம்.

சோறாக்கும் மின்கலத்தின் வரலாறும் சொல்லத் தக்கது. கோயம்புத்தூரில் கிரைண்டர் பிறந்த அதே 1955-இல், ஜப்பானில் தோஷிபா நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் மினாமி யோஷிதாதா என்னும் சிறு தொழிற்கூட உரிமையாளர். ஆனால் நாள்தோறும் சோறு ஆக்கி, சூட்டை அளந்து, குறித்துவைத்துச் சோதனைகளைச் செய்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. சோறு எந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும் என்பது அவர் உழைப்பால் தெரிந்தது. நம் நாட்டு மிக்சியின் பின்னாலும் மாதுரி அம்மையாரின் தேவை நின்றதை முன்பே சொன்னேன்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய கருத்து ஒன்று உண்டு. நம் வீடுகளில் சமையற்கருவியை வாங்குபவர் ஒருவர். அதன் முன்னே நாள்தோறும் நிற்பவர் மற்றொருவர். பண்டிகைத் தள்ளுபடியைக் கண்டு தந்தையோ மகனோ வாங்கி வந்து வைத்துவிடுகிறார்கள். தாய்க்கு அது எட்டாத உயரத்தில் இருக்கலாம். கழுவ முடியாத அமைப்பாக இருக்கலாம். அவருக்குப் புரியாத எழுத்தில் பொத்தான்கள் இருக்கலாம். அவர் குறை சொல்ல மாட்டார். பழைய அடுப்புக்கே திரும்பிவிடுவார். விறகடுப்பின் புகை கண்ணையும் நுரையீரலையும் வருத்தும் வீட்டில் இத்தவறு சிறிதன்று. அவருடைய உடல்நலத்துக்குக் கிடைத்த ஒரு வாய்ப்பே வீணாகிறது.

ஆகவே, மாணவர்களே, உங்கள் வீட்டில் இத்தகைய பேச்சு எழும்போது நீங்கள் செய்யத்தக்கது இது. முதலில் சமைப்பவரைக் கேளுங்கள்: எதைச் சமைப்பதில் கை மிகவும் வலிக்கிறது? எந்த வேளையில் நேரம் போதவில்லை? பிறகு சுவரிலுள்ள சாக்கெட்டைப் பாருங்கள். எர்த் உண்டா என்று மின்பணியாளரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் பின்னர்ப் பெட்டியின்மேல் உள்ள எண்களைப் படியுங்கள். விலையைக் கடைசியாகப் பாருங்கள். வாங்கிய பின், கழற்றிக் கழுவுவதும் துடைத்து வைப்பதும் சமைப்பவருடைய வேலை மட்டும் என்று எண்ணாமல், அதில் உங்கள் கையும் சேரட்டும். அப்போது நீங்கள் படித்த இயற்பியல் தேர்வுத் தாளோடு முடிந்துவிடாமல், வீட்டில் ஒருவருடைய உழைப்பைக் குறைத்திருக்கும்.